விரிவு வேண்டும், இடையூறு வேண்டா!

மூன்றாமாண்டு, கணினி அறிவியல் துறை

நம் கணினி ஆய்வகத்தின் கதவில் ஒருநாள் காலை ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. “பொதுச் சேமிப்பகம் விரிவுபடுத்தப்படுவதால் ஆய்வகம் மூன்று நாள்கள் இயங்காது” என்பது அதன் வாசகம். 2024-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அது. செய்முறைத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. நான் அப்போது இரண்டாமாண்டு மாணவன். அறிவிப்பைப் படித்த நண்பர்களில் சிலர் விடுமுறை கிடைத்ததென்று மகிழ்ந்தார்கள். வீட்டில் கணினி இல்லாதவர்கள் மகிழவில்லை. நான் அந்த இரண்டாம் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

மூன்று நாள்கள் ஐந்து நாள்களாயின. ஆறாம் நாள் கதவு திறந்தது. ஓடிச் சென்று அமர்ந்தோம். என் கணினியின் திரையில் ‘ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்’ என்ற பிழைச்செய்தி மட்டுமே வந்தது. பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்குக் கோப்புகள் தெரிந்தன. ஆனால் அவன் எழுதிய நிரல் பழைய இடத்தையே தேடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு குறை. ஆய்வக உதவியாளர் அண்ணன் நாற்பது கணினிகளுக்கும் ஒவ்வொன்றாகச் சென்று திருத்தினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இரவு உறங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

எங்கள் தொல்லை இரண்டு நாளில் தீர்ந்தது. தமிழ்த்துறையில் முதுகலை பயின்ற ஓர் அக்காவின் தொல்லை அப்படித் தீரவில்லை. அவர் தம் ஆய்வேட்டுக்காகச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்திருந்தார். மொத்தம் 62 ஒலிப்பதிவுகள். கைப்பேசியில் இடமில்லாததால் அனைத்தையும் நம் பொதுச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு, கைப்பேசியில் இருந்தவற்றை அழித்துவிட்டார். விரிவாக்கத்திற்குப் பிறகு அவருடைய கோப்பறையே காணவில்லை.

“தம்பி, அதிலே பாடின பாட்டி ஒருத்தங்க போன மார்கழியிலே தவறிட்டாங்க. திரும்பப் போய் யாரைப் பாடச் சொல்றது?” என்று அவர் என்னிடம் கேட்டார். கணினி அறிவியல் படிப்பவன் என்பதற்காகவே என்னைக் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

பதினொரு நாள்களுக்குப் பின் அவை கிடைத்தன. படியெடுக்கும் வேலை இரண்டாம் நாள் இரவில் மின்தடையால் நின்றிருக்கிறது. மறுநாள் தொடங்கியபோது சில கோப்பறைகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. பழைய ஹார்டு டிஸ்கைச் சுத்தமாக அழித்து வேறு வேலைக்குப் பயன்படுத்துவதாகத் திட்டம். வேலைப் பளுவினால் அண்ணன் அதற்கு இன்னும் கை வைக்கவில்லை. அதனால் பாட்டியின் குரல் பிழைத்தது. இதை ஓர் ஏற்பாட்டின் வெற்றி என்று சொல்ல முடியுமா? தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரை யாரையும் குறை சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. இரண்டு சுழற்சி வகுப்புகளுக்கும் ஒரே ஆளாக நிற்கும் ஆய்வக உதவியாளரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இடம் போதவில்லையென்றால் சேமிப்பகத்தை விரிவு செய்யத்தான் வேண்டும். ஆனால் அதற்காகப் பயன்படுத்துவோரின் வேலையை நாள்கணக்கில் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தாமல் விரிவு செய்யும் வழி நாற்பது ஆண்டுகளாக உலகுக்குத் தெரியும். அதற்குப் பெரும்பணம் தேவையில்லை, முன்யோசனைதான் தேவை.

பொதுச் சேமிப்பகம் என்பது என்ன?

பிற துறை நண்பர்களுக்காகச் சில சொற்கள். நம் ஆய்வகத்தில் எந்தக் கணினியில் அமர்ந்தாலும் நம் பெயரைக் கொடுத்தால் நம் கோப்புகள் வருகின்றன அல்லவா? அவை அந்தக் கணினிக்குள் இல்லை. மூலையில் கண்ணாடி அறைக்குள் இருக்கும் சர்வரில் இருக்கின்றன. கம்பி வழியாக அவை நம்மிடம் வருகின்றன. நூல்களை வீட்டுக்கு வீடு வைத்துக்கொள்ளாமல் ஒரே நூலகத்தில் வைத்துப் படிப்பது போன்றது இது.

அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ். என்னும் முறை இத்துறையில் பெரும்புகழ் பெற்றது. நம் ஆய்வகமும் அதன் பிந்தைய பதிப்பையே பயன்படுத்துகிறது.

ஹார்டு டிஸ்கின் வரலாறும் சுவையானது. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வட்டுச் சேமிப்பில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. நம் கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று படங்களுக்குக்கூட இன்று அது போதாது. எவ்வளவு பெரிய வட்டு வாங்கினாலும் ஒருநாள் நிரம்பும் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம். ஆகவே விரிவாக்கத்தை எதிர்பாராத விபத்தாகக் கருதக்கூடாது. நெல் விளைந்தால் களம் பெருக்க வேண்டும் என்பது உழவனுக்கு முன்பே தெரியும். நமக்கும் அப்படித் தெரிந்திருக்க வேண்டும்.

திருப்பணியில் பூசை நிற்பதில்லை

எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி நடந்தபோது நான் பள்ளி மாணவன். கருவறையில் வேலை தொடங்குவதற்கு முன் பாலாலயம் அமைத்தார்கள். மூலவரின் ஆற்றலை அத்தி மரப் பலகையில் வரைந்த திருவுருவத்திற்கோ கலசத்திற்கோ மாற்றி எழுந்தருளச் செய்து, வழிபாட்டை அங்கே தொடர்வது மரபு. பணி முடிந்து குடமுழுக்கு நடக்கும் வரை பூசை ஒருநாளும் நிற்பதில்லை. பாலாலயத்தில் பூசை தொடங்கிய பிறகுதான் கருவறையில் உளி படுகிறது.

இதில் நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கவனிக்க வேண்டியது வேலையின் வரிசைமுறை. புதிய இடம் இயங்கத் தொடங்க வேண்டும். அது இயங்குவதை எல்லோரும் பார்க்க வேண்டும். அதன் பிறகே பழைய இடத்தில் கை வைக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் இந்த வரிசை தலைகீழாயிற்று. முதலில் கதவு மூடப்பட்டது. பிறகு வேலை தொடங்கியது. முடிந்ததா என்று பார்ப்பது கடைசியிலும் நடக்கவில்லை.

பெயர் வேறு, இடம் வேறு

இந்தச் சிக்கலை மிகப் பெரிய அளவில் எதிர்கொண்டது அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். ஐ.பி.எம். நிறுவனத்தோடு சேர்ந்து 1982-இல் அவர்கள் ‘ஆண்ட்ரூ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரு செல்வர்களின் முதற்பெயர் அது. பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே கோப்புச் சேமிப்பைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது குறிக்கோள். அதிலிருந்து பிறந்ததுதான் ஏ.எஃப்.எஸ். எனப்படும் ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம்.

அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் மகாதேவ் சத்தியநாராயணன். இவர் இளநிலைத் தொழில்நுட்பப் பட்டமும் முதுநிலைப் பட்டமும் பெற்றது நம் சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில்! ஏ.எஃப்.எஸ். உருவாக்கிய குழுவினருக்கு ஏ.சி.எம். என்னும் உலகக் கணினி அறிஞர் சங்கம் 2016-ஆம் ஆண்டுக்கான மென்பொருள் அமைப்பு விருதை வழங்கியது. கிண்டியில் படித்த ஒருவர் கண்ட வழி, கிண்டியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் நம் கல்லூரிக்கு இன்னும் வந்து சேரவில்லையே என்பது என் ஏக்கம்.

அவர்களுடைய முதல் மாதிரி அமைப்பிலும் நம்முடைய தொல்லையே இருந்தது. எந்தப் பயனாளரின் கோப்பறை எந்தச் சர்வரில் இருக்கிறது என்ற செய்தி, சர்வர்களின் கோப்பு அமைப்புக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தது. ஒருவருடைய கோப்புகளை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது பெரும் பாடாக இருந்தது. 1988-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் அக்குழுவினர் இக்குறையையும் அதைத் தீர்த்த விதத்தையும் ஒளிவின்றி எழுதியிருக்கிறார்கள்.

தீர்வு எளிமையானது. ஒவ்வொரு பயனாளரின் கோப்புகளையும் ‘வால்யூம்’ என்ற ஒரு தொகுப்பாகக் கட்டினார்கள். எந்தத் தொகுப்பு எந்தச் சர்வரில் இருக்கிறது என்பதற்குத் தனியே ஒரு பதிவேடு வைத்தார்கள். பயனாளர் தம் கோப்பைப் பெயர் சொல்லி அழைப்பார். அந்தப் பெயரில் சர்வரின் பெயர் எங்கும் வராது. கணினி பதிவேட்டைப் பார்த்து இடத்தைத் தெரிந்துகொள்ளும். ஆகவே தொகுப்பு எங்கே இடம் மாறினாலும் பயனாளரைப் பொறுத்தவரை ஒன்றும் மாறவில்லை.

இடமாற்றம் நடக்கும் முறையையும் சொல்ல வேண்டும். முதலில் தொகுப்பின் அந்நேர நிலையை உறைந்த படியாக எடுக்கிறார்கள். அந்தப் படி புதிய சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும் பயனாளர் பழைய இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறார். முதல் படி போய்ச் சேர்ந்த பிறகு, இடையில் மாறிய கோப்புகளை மட்டும் மீண்டும் அனுப்புகிறார்கள். கடைசியில் சிறிது நேரம் மட்டும் தொகுப்பை நிறுத்தி, எஞ்சிய மாற்றங்களை அனுப்பிவிட்டு, புதிய இடத்தில் திறக்கிறார்கள். பழைய முகவரிக்கு வருவோரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் குறிப்பும் பழைய சர்வரில் சில காலம் இருக்கிறது. அஞ்சலகத்தில் சொல்லிவிட்டு வீடு மாறினால் கடிதம் புது வீட்டுக்கு வருவதில்லையா, அதுபோல. நடுவில் ஏதேனும் ஒரு சர்வர் பழுதுபட்டால் இடமாற்றம் கைவிடப்படும். பாதி இங்கே பாதி அங்கே என்ற நிலை வராது. நம் தமிழ்த்துறை அக்காவுக்கு நேர்ந்தது அந்தப் பாதி நிலைதான்.

நம் ஆய்வகத்திலோ, “இன்ன எண்ணுள்ள சர்வர், அதில் இன்ன வட்டு, அதில் இன்ன அடைவு” என்று நாற்பது கணினிகளிலும் தனித்தனியே எழுதி வைத்திருந்தார்கள். மாணவர்களின் நிரல்களிலும் அதுவே இருந்தது. வட்டு மாறியவுடன் நாற்பது இடங்களிலும் எழுத்தை மாற்ற வேண்டி வந்தது. ‘கோப்பகம்’ என்று ஒரு பொதுப் பெயரைச் சூட்டி, அது எந்தச் சர்வரைக் குறிக்கிறது என்பதை ஒரே இடத்தில் எழுதியிருந்தால், மாற்றமும் ஒரே இடத்தில் முடிந்திருக்கும். இணையத்தில் நாம் எண்களை மறந்து பெயர்களால் உலவுவதும் இதே அடிப்படையில்தான். அதற்கான பெயர்முறையைப் பால் மொகபெட்ரிஸ் 1983-இலேயே வகுத்துவிட்டார். ஏ.எஃப்.எஸ். முழுவதையும் நாம் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் கருத்தைக் கொண்டுவரலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

கூரையை எடுக்காமல் அறையைப் பெரிதாக்குதல்

இன்னொரு வழியும் உண்டு. சர்வரை மாற்றாமல் அதன் இடத்தை மட்டும் பெருக்குவது. லினக்ஸ் இயங்குதளத்தில் எல்.வி.எம். என்றொரு வசதி இருக்கிறது. பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு குளம் போல ஆக்கி, அதிலிருந்து வேண்டிய அளவு பகுதியைப் பிரித்துக் கொடுக்கும் முறை இது. இடம் குறைந்தால் புதிய வட்டைக் குளத்தில் சேர்க்கலாம், பகுதியை நீட்டலாம், அதன்மேல் இருக்கும் கோப்பு அமைப்பையும் நீட்டலாம். எக்ஸ்.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4 போன்ற கோப்பு அமைப்புகள், மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே நீளக்கூடியவை. பழைய வட்டில் உள்ளவற்றை, பயன்பாட்டில் இருக்கும்போதே புதிய வட்டுக்கு நகர்த்திவிடும் கட்டளையும் எல்.வி.எம்.-இல் உண்டு.

இவை எல்லாம் விலையின்றிக் கிடைப்பவை. நம் சர்வரில் ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தோடு வருபவை. ஆனால் சர்வரை அமைத்த முதல் நாளே எல்.வி.எம்.-மின் மேல் அமைத்திருக்க வேண்டும். நேரடியாக வட்டின் மேல் அமைத்துவிட்டு, நிரம்பிய பிறகு நினைத்தால் பயனில்லை. அந்த ஒருமுறை மட்டும் முழுவதையும் படியெடுத்துத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, நீட்டுவது எளிது, சுருக்குவது அரிது. எக்ஸ்.எஃப்.எஸ். சுருங்காது, எக்ஸ்ட்4-ஐச் சுருக்க வேண்டுமானால் பயன்பாட்டை நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆகவே உள்ள இடம் முழுவதையும் ஒருவருக்கே கொடுத்துவிடாமல் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொண்டு, தேவைக்கேற்ப நீட்டுவதே அறிவுடைமை.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. காப்பு இல்லாமல் இரண்டு வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கினால், இரண்டில் எது பழுதானாலும் கோப்புகள் போகும். வண்டியில் சக்கரங்கள் கூடக்கூடப் பழுதாக வாய்ப்பும் கூடுமல்லவா? இதற்காகத்தான் ‘ரெய்டு’ என்னும் முறை. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. ஒரு வட்டு பழுதானாலும் மற்றவற்றைக் கொண்டு இழந்ததைக் கணக்கிட்டு மீட்கலாம். அதுவும் பேக்கப் ஆகாது. தவறுதலாக நாமே அழித்த கோப்பை ரெய்டு மீட்டுத் தராது. அதற்குத் தனியே வேறிடத்தில் ஒரு படி வேண்டும்.

மூன்று நாள்கள் எங்கே போயின?

மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்களின் கணக்கைப் பார்ப்போம். நம் பழைய வட்டில் ஏறத்தாழ 1 டெராபைட் இருந்தது. அதாவது 8 இலட்சம் கோடி பிட்டுகள். நம் ஆய்வகத்தின் பழைய ஸ்விட்ச் நொடிக்கு 10 கோடி பிட்டுகளைக் கடத்தும். வகுத்துப் பார்த்தால் 80,000 நொடிகள்; அதாவது 22 மணி நேரத்திற்கு மேல். அதுவும் முழு வேகத்தில் இடையறாது போனால்தான். சிறுசிறு கோப்புகள் இலட்சக்கணக்கில் இருந்தால் இன்னும் மெதுவாகும். அதில் மின்தடையும் சேர்ந்தால் மூன்று நாள்கள் ஐந்தாவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த 22 மணி நேரமும் கதவு ஏன் மூடியிருக்க வேண்டும்? ஆர்சிங்க் என்ற கருவியை ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் ஆகிய இருவரும் 1996-இல் வெளியிட்டார்கள். முதல் முறை எல்லாவற்றையும் படியெடுக்கும். அடுத்த முறை இயக்கினால் மாறியவற்றை மட்டும் படியெடுக்கும். வெள்ளிக்கிழமை மாலை முதல் படியைத் தொடங்கலாம். திங்களன்று மாணவர்கள் வழக்கம்போல வேலை செய்யட்டும். அன்று இரவு இரண்டாம் படி. அது மிகக் குறைந்த நேரத்தில் முடியும், ஒருநாள் மாற்றம் மட்டுமே என்பதால். செவ்வாய் மதிய உணவு வேளையில் எழுதுவதைச் சிறிது நேரம் நிறுத்தி, கடைசிப் படியை எடுத்து, பெயரைப் புதிய இடத்திற்குத் திருப்பிவிடலாம். மின்சாரம் போனாலும் கவலையில்லை. மீண்டும் இயக்கினால் விடுபட்டவற்றை அதுவே கண்டுபிடித்து எடுக்கும்.

இதில் ஒரு நுட்பத்தை மறக்கக்கூடாது. என்.எஃப்.எஸ். முறையில் சர்வர் ஒவ்வொரு கோப்புக்கும் நம் கணினியிடம் ஓர் அடையாளச் சீட்டைக் கொடுக்கிறது. அடியிலுள்ள கோப்பு அமைப்பே மாறிவிட்டால் பழைய சீட்டு செல்லாது. என் திரையில் வந்த பிழைச்செய்தியின் பொருள் அதுதான். ஆகவே மாற்றும் வேளையில் நாற்பது கணினிகளும் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதிதாக இணைக்கப்பட வேண்டும். மதிய வேளையில் எல்லாவற்றையும் ஒருமுறை நிறுத்தி இயக்கினால் முடிந்தது. கோப்பு அமைப்பை மாற்றாமல் எல்.வி.எம். வழியாக நீட்டினால் இந்தத் தொல்லையும் இல்லை. வட்டைப் பொருத்துவதற்காகச் சர்வரைப் பத்து நிமிடம் அணைத்தாலும், முறையாக இணைத்திருந்தால் நம் கணினிகள் பொறுமையாகக் காத்திருந்து, சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

எல்லாம் முடிந்த பின்னும் பழைய வட்டை ஒரு மாதமாவது படிக்க மட்டும் முடியும் நிலையில் அலமாரியில் வைத்திருக்க வேண்டும். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். நூலகத்தில் ஆண்டுக்கொருமுறை இருப்புச் சரிபார்க்கிறார்களே, அதே வேலை.

மாற்றுக் கருத்துகள்

“ஆளுக்கொரு பென் டிரைவ் வைத்துக்கொண்டால் போயிற்று” என்பார் சிலர். தம் படைப்புக்குத் தாமே ஒரு படி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்தான். அந்த அக்காவும் அன்று முதல் அப்படித்தான் செய்கிறார். ஆனால் பென் டிரைவ் தொலையும். வைரஸைச் சுமந்து வரும். பலர் சேர்ந்து செய்யும் வேலைக்கு உதவாது. அதை வாங்குவதற்கே யோசிக்கும் நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பொது நூலகத்தில் மழை ஒழுகினால் கூரையைச் சரிசெய்வோமா, ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொல்வோமா?

“அரசுக் கல்லூரியில் இதற்கெல்லாம் பணம் ஏது?” என்பார் வேறு சிலர். வட்டு வாங்கப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. அந்தப் பணத்தை எப்படியும் செலவிட்டோமே! நான் சொல்வது, அந்தப் பணத்தை எப்போது செலவிடுவது என்பதைப் பற்றி. விலைப்புள்ளி கேட்டு, ஒப்பிட்டு, ஒப்புதல் பெற்று வாங்குவதற்கு மாதங்கள் ஆகும். ஆகவே வட்டு முழுதும் நிரம்பும் வரை காத்திருக்கலாகாது. 1000 ஜிகாபைட் வட்டில் மாதம் 40 ஜிகாபைட் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 700 நிரம்பிய அன்று கோப்பை நகர்த்தினால், கையில் ஏழு மாதங்களுக்கு மேல் இருக்கும். 980 நிரம்பிய அன்று நகர்த்தினால் பதினைந்து நாள் இருக்கும். பதினைந்து நாளில் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். வருமுன் காப்பது என்பது நோய்க்கு மட்டும் உரியதன்று.

மாணவர்களாகிய நம் பக்கமும் குற்றம் இருக்கிறது. அந்த 1 டெராபைட்டில் பாதிக்கு மேல் என்ன இருந்தது என்று அண்ணனிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே, “படம்தான் தம்பி. ஒரே படம் பதினேழு பேர் கிட்டே இருக்கு” என்றார். நானும் அந்தப் பதினேழு பேரில் ஒருவன் என்பதை அவரிடம் சொல்லவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன். நாம் சேர்த்து வைத்த திரைப்படங்கள் பாட்டியின் தாலாட்டைக் கிட்டத்தட்ட வெளியே தள்ளிவிட்டன. ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வகுத்தால் நாம் முணுமுணுக்கக்கூடாது. ஆய்வுக்கு வேண்டுவோர் கேட்டு அதிகம் பெறட்டும்.

இன்னொன்றையும் தெளிவாக்க வேண்டும். இடையூறு இல்லாமல் செய்வது என்றால் யாருக்கும் சொல்லாமல் செய்வது என்று பொருளில்லை. எந்த நாள், எந்த மணி, எவ்வளவு நேரம், பிழை வந்தால் யாரைப் பார்ப்பது ஆகிய நான்கையும் ஒரு வாரம் முன்பே எல்லாத் துறைகளுக்கும் அறிவிக்க வேண்டும். கணினி ஆய்வகத்தின் கதவில் ஒட்டிய தாளைத் தமிழ்த்துறை மாணவி எப்படிப் பார்ப்பார்?

என் வேண்டுகோள்

பேராசிரியப் பெருமக்களே, உங்கள் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். சேமிப்பகத்திற்கு இடத்தைச் சாராத ஒரு பெயர் வேண்டும். எழுபது விழுக்காடு நிரம்பியதும் விரிவாக்கத்திற்கான கோப்பு நகர வேண்டும். புதிய இடம் சரிபார்க்கப்படும் வரை பழைய வட்டை எவரும் அழிக்கக்கூடாது என்று எழுத்தில் ஒரு விதி வேண்டும். இவற்றை நிறைவேற்றும் பொறுப்பை ஒரே மனிதர் தலையில் கட்டாமல், எங்கள் துறையின் இறுதியாண்டு மாணவர்கள் நால்வரை அவருக்குத் துணையாக அனுப்புங்கள். பாடநூலில் ஒரு பருவம் முழுதும் படிப்பதை அங்கே ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வோம்.

மாணவ நண்பர்களே! குடிநீர்க் குழாயைத் திறக்கும்போது ஏரியை நாம் நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவை வராதபடி யாரோ கரையைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். கோப்புச் சேமிப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதன் நினைவே நமக்கு வராத நாள்தான் அது நன்றாக இயங்கும் நாள்.

அந்த அக்கா ஆய்வேட்டைக் குறித்த நாளுக்குப் பத்து நாள் கழித்துச் சமர்ப்பித்தார். துறைத்தலைவரின் கனிவால் அது ஏற்கப்பட்டது. ஒருநாள் என்னை அழைத்து, மறைந்த அந்தப் பாட்டியின் தாலாட்டைக் காதில் மாட்டிக் கேட்கச் செய்தார். பாட்டின் நடுவே ஒரு சேவல் கூவுகிறது. பாட்டி சிரித்துவிட்டு மறுபடி பாடுகிறார். நாலு நிமிடப் பதிவு. வட்டில் நாலு மெகாபைட்கூட இல்லை. அடுத்த முறை நம் சேமிப்பகம் விரியும்போது அந்தச் சேவலும் பாட்டியும் பத்திரமாகப் புது இடம் சேர வேண்டும். அது நடந்ததே யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும்.